சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிய வேட்பாளர்

திருத்தணி கடைத்தெருவில் துளசிங்கம் நடந்து வந்தால், எதிரே வருகிறவர் "சௌக்கியமா" என்று கேட்கமாட்டார். "யாரு?" என்றுதான் கேட்பார். துளசிங்கமும் முகத்தைச் சுளிக்காமல், "ரயில்வே கேட்டாண்ட பால்காரம்மா" என்றோ, "மேட்டுத் தெரு ரிட்டயர்டு வாத்தியாரு" என்றோ சொல்லிவிட்டு நடப்பார். பல்பொடி வாங்கப் போனாலும் இதே கேள்விதான். "யாருமில்லீங்க, பல்பொடி" என்பார். கேட்டவருக்கு அதன் பிறகுதான் மூச்சு வரும்.

அவருக்கு ஐஸ் பெட்டி வாடகைத் தொழில். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வந்து முகம் பார்க்கும்வரை செத்தவரைக் கெடாமல் வைத்திருக்கும், கண்ணாடி மூடி போட்ட நீளப் பெட்டி. ஆரம்பத்தில் அவரும் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர்தான். சாமியானா, சேர், சீரியல் லைட், வாழைமரம் என்று வைகாசி, ஆவணியில் சோறு தின்ன நேரமில்லாமல் அலைந்தவர். ஒரு சித்திரை வெயிலில் பக்கத்து வீட்டுக்காரர் இறந்துபோனார். துபாயிலிருந்து மகன் வரவேண்டும். அரக்கோணம் மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் கட்டி வாங்கி வந்து, மரத்தூளைத் தட்டிவிட்டு, மனுஷனைச் சுற்றி அடுக்கினார்கள். அதைப் பார்த்த துளசிங்கத்துக்குத் தாங்கவில்லை. அடுத்த மாதமே ஒரு பெட்டி வாங்கிப் போட்டார். நல்லது செய்கிறோம் என்று நினைத்தார், பாவம்.

ஒரே வருஷத்தில் கல்யாண ஆர்டர் எல்லாம் நின்றது. "இந்தச் சேரு போன வாரம் எந்த வூட்டுக்குப் போய்ட்டு வந்துது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சேருக்கு வாய் இருந்தால் அதுவாவது பொய் சொல்லும். துளசிங்கத்துக்குப் பொய் வராது. சாவுப் பந்தலே கதியென்று ஆனது. அதற்கு முகூர்த்தம் கிடையாது, சீசன் கிடையாது, ஆடி மாதமென்று ஓய்வும் கிடையாது. தொழில் நன்றாகவே நடந்தது. நன்றாக நடக்கிறது என்று வெளியே சொல்லிக்கொள்ளத்தான் முடியாது.

இந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. சாவு வீட்டில் "வாங்க" என்று யாரும் வரவேற்கமாட்டார்கள். கிளம்பும்போது "போய்ட்டு வரேன்" என்று யாரும் சொல்லமாட்டார்கள். மறுபடியும் வருவதை எந்த வீடு விரும்பும்? எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். நீங்களும் நானும் வருஷத்துக்கு நாலு இடத்தில் அப்படி நடப்போம். துளசிங்கத்துக்கு அதுவே பிழைப்பாகி, காலும் அப்படியே பழகிவிட்டது. ஒருமுறை மச்சினியின் தலைதீபாவளி விருந்துக்கு மாமியார் வீட்டுக்குப் போனவர், வடை பாயசம் சாப்பிட்டு ஏப்பம் விட்டு, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று தெருவுக்கு வந்துவிட்டார். மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்காக மனைவி காஞ்சனாவிடம் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் தீரவில்லை.

இதெல்லாம் அவருக்குப் பெரிய வலி இல்லை. வலி பொதட்டூர்பேட்டையில் இருந்தது. அங்கேதான் அவருடைய அக்கா ஹேமாவதி வாழ்க்கைப்பட்டிருந்தாள். அக்கா புருஷன் கஜபதிக்கு வீட்டுப் பின்கட்டிலேயே விசைத்தறிகள். ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆள். மூத்த மகளுக்குக் கல்யாணம் வைத்தபோது துளசிங்கத்துக்குப் பத்திரிகை வந்தது, பின்னாலேயே கஜபதியின் ஃபோனும் வந்தது.

"துளசி, மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. மாப்பிள்ள வூட்டுக்காரங்க சகுனம் அது இதுன்னு பாக்கறவங்க. சீரு மட்டும் அனுப்பிடு. நீ வந்தா மாதிரிதான்."

தாய்மாமன் சீரைத் தட்டுத் தட்டாக அடுக்கி, தன் வேனில் அனுப்பக்கூடாது என்று அவரே புரிந்துகொண்டு, வாடகை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். மணவறையில் தாய்மாமன் நிற்கவேண்டிய இடத்தில் யாரோ ஒன்றுவிட்ட பங்காளி நின்று மாலை வாங்கிக்கொண்டான். அன்று துளசிங்கம் கடையில் உட்கார்ந்து பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அழவில்லை. அழுகிற வீடுகளில் அழாமல் இருந்து பழகியவர்.

இப்போது இளையவள் கவிப்பிரியாவுக்கு அரக்கோணத்தில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். ஆனி மாதம் கல்யாணம். இந்தத் தடவையாவது மணவறையில் தாய்மாமனாக நிற்கவேண்டும். துளசிங்கத்துக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே ஆசை அதுதான். சட்டமன்றமெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

அது வந்த வழி இதுதான். தேர்தல் அறிவித்த வாரம், டீக்கடையில் ஒரு கட்சிக்காரர் கிண்டலாகச் சொன்னார்: "தொகுதியில உன் கால் படாத வூடு ஏது துளசிங்கம்? நீ நின்னா அத்தினி ஓட்டும் உனக்குத்தான்." எல்லோரும் சிரித்தார்கள். துளசிங்கமும் சிரித்தார். மறுநாள் ஒரு தெருவுக்குள் வேட்பாளர் ஒருவர் வாக்குக் கேட்டு வந்ததைப் பார்த்தார். போன மாசிதான் அந்தத் தெருவில் ஒரு வீட்டில், "முன்வாசலாண்ட வேணாம், சந்து வழியா எடுத்தாங்க" என்று பெட்டியோடு அவரைச் சுற்ற வைத்திருந்தார்கள். அதே வீட்டு முன்வாசலில் வேட்பாளருக்கு மஞ்சள் நீர் ஆரத்தி சுற்றி, பொட்டு வைத்து, "வாங்கய்யா, உள்ள வந்து உக்காந்துட்டுப் போங்க" என்றார்கள். அந்த மனுஷன் முன்பின் அந்த ஊரையே பார்த்திராதவன். துளசிங்கத்துக்குப் பொறி தட்டியது. வேட்பாளரை வேண்டாமென்று சொல்ல எந்த வாசலுக்கும் தைரியம் கிடையாது. வேட்பாளரான தாய்மாமனை எந்த கஜபதி தடுப்பான்?

காஞ்சனா கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். "ஊரு உலகத்துல எல்லாரும் ஜெயிக்கறதுக்கு நிப்பாங்க. நீ கல்யாணச் சாப்பாட்டுக்கு நிக்கறே" என்றாள். அவர் மறுக்கவில்லை. வேட்புமனுவோடு அலுவலகத்தில் நுழைந்ததும் அங்கிருந்த குமாஸ்தா பதறி எழுந்து, "யாரு?" என்றார். "நான்தாங்க" என்றார் துளசிங்கம். குமாஸ்தாவுக்கு விஷயம் விளங்கிச் சிரிப்பு வர ரொம்ப நேரமானது.

சின்னத்துக்கு மூன்று எழுதிக் கொடுத்தார். மூன்றும் வேறு ஆட்களுக்குப் போய், கடைசியில் இவர் தலையில் விழுந்தது குளிர்சாதனப் பெட்டி. ஒதுக்கிய அதிகாரி வெளியூர்க்காரர். அவர் மேல் தப்பு சொல்லக்கூடாது.

நோட்டீஸ் அடிக்கும் பிரஸ்காரர் வழக்கமான வாசகங்களையே போட்டுக் கொடுத்தார். பெயருக்கு முன்னால் 'தொழிலதிபர்'. கீழே, 'இரவு பகல் பாராமல், கூப்பிட்ட குரலுக்கு உங்கள் வீடு தேடி ஓடி வருவேன்.' எல்லா வேட்பாளரும் காலங்காலமாகச் சொல்லும் வார்த்தைதான். மற்றவர்கள் சொன்னால் ஜனங்கள் நம்பமாட்டார்கள். துளசிங்கம் சொன்னதும் நம்பிவிட்டார்கள், அதுதான் கோளாறு. நோட்டீஸை வாங்கிப் படித்த பெண்கள் "தூ தூ" என்று மூன்று தரம் துப்பிவிட்டு உள்ளே போனார்கள். வேன் டிரைவர் டில்லிபாபுதான் கடைசியில் மெல்லச் சொன்னான்.

"துளசிண்ணா, அந்த ஓடி வரேன்ற லைனை மட்டும் எடுத்துட்டிருக்கலாம்."

"ஏன், நான் ஓடி வர்லியா?"

"வந்துகினுதான கீற. அதான் பயப்படறாங்க."

பிரசார வேனும் அதே வேன்தான். பெட்டியை இறக்கிவிட்டு மைக்கைக் கட்டியிருந்தார்கள். பக்கவாட்டில் ஒட்டிய போஸ்டரில் துளசிங்கம் கும்பிட்டபடி நிற்க, அவர் இடுப்புக்குக் கீழே பழைய பெயின்டில் 'இருபத்து நாலு மணி நேர சேவை' என்று எழுத்து எட்டிப் பார்த்தது. வேன் தெருவுக்குள் திரும்பியதும் ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள், வேட்பாளரைப் பார்க்க அல்ல, எந்த வீட்டு முன்னால் நிற்கிறது என்று பார்க்க. வாசல் வாசலாக அவர் கும்பிட்டுக்கொண்டு போனால், சிலர் கதவைச் சாத்தினார்கள். பலர் சாத்தவில்லை. அவர்கள் அழுதார்கள். "எங்க வூட்டுக்காரரு போனப்ப நீங்கதானே வந்தீங்க" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள், பக்கத்து வீட்டுக்காரி மூக்கைச் சிந்துவாள். துளசிங்கம் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, "மனச தேத்திக்கங்கம்மா, புள்ளைங்க கீதுல்ல" என்று ஆறுதல் சொல்வார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்துவிடுவார். ஓட்டுக் கேட்கவேண்டும் என்பது பாதி இடங்களில் ஞாபகமே வராது.

பொதட்டூர்பேட்டைக்குப் போன அன்று மட்டும் எல்லாம் ஞாபகம் இருந்தது. புது வேட்டி கட்டியிருந்தார். அக்கா வீட்டு வாசலில் தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. உள்ளே தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. கஜபதி நாலு பக்கமும் பார்த்தார். ஊர் பார்க்கும்போது வேட்பாளரை நிற்கவைத்துப் பேசினால் மரியாதை என்னாவது? உள்ளே பார்த்துத் தலையசைத்தார். ஹேமாவதி ஆரத்தித் தட்டோடு வந்தாள். தம்பிக்கு மூன்று சுற்றுச் சுற்றி நெற்றியில் பொட்டு வைத்தபோது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. கவிப்பிரியா அம்மா தோளுக்குப் பின்னாலிருந்து, "மாமா, ஹீரோ மாதிரி கீறீங்க" என்று சிரித்தாள்.

"வா துளசி. உள்ள வா" என்றார் கஜபதி.

அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம். துளசிங்கம் உள்ளே போய் உட்கார்ந்தார், மோர் குடித்தார். கல்யாணப் புடவைகள் பிரித்து வைத்திருந்ததைப் பார்த்தார். மனசு அப்படியே நிறைந்து தளும்பியது. அப்படி நிறையும்போது மனுஷனுக்குப் புத்தி எங்கே வேலை செய்யும்? கால்தான் வேலை செய்யும். எழுந்தார். துண்டை உதறினார். தோளில் போட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல், படியிறங்கித் தெருவில் நடந்துவிட்டார்.

கல்யாணம் நிச்சயமான வீட்டில். தெருவே பார்த்துக்கொண்டிருக்க.

தெருமுனையில் வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு டில்லிபாபு ஸ்டார்ட் செய்யாமல் அவரையே பார்த்தான். "இன்னாடா?" என்றார். "சொல்லிக்காம வந்துட்டண்ணா" என்றான். துளசிங்கம் தோளில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்தார். திரும்பிப் போய்ச் சொல்லலாமா? அப்படிக் கிளம்பிய வீட்டுக்கு அதே காலோடு திரும்புவது அதைவிடக் கேடு என்பது அவருக்குத் தெரியாதா என்ன. அன்று மேற்கொண்டு எந்தத் தெருவுக்கும் போகாமல் வேனைத் திருப்பச் சொன்னார்.

மறுநாள் கஜபதி ஃபோன் செய்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"துளசி, எங்க வூட்டு ஓட்டு அத்தினியும் உனக்குத்தான். அக்காக்காரி மேல சத்தியம். நீ எனக்கு ஒரே ஒரு உபகாரம் பண்ணு. கல்யாணத்துக்கு வராத."

"பழக்க தோஷம் பாவா. வேணும்னு செய்யல."

"தெரியும்ப்பா. அதான் பயமாக் கீது."

ஓட்டு எண்ணினார்கள். டெபாசிட் போனது. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. யாருக்கும் ஓட்டு இல்லை என்று நோட்டாவை அழுத்தியவர்களே அவரைவிட அதிகமாக இருந்தார்கள். தொகுதியில் அவர் கால் படாத வீடு இல்லை என்று அந்தக் கட்சிக்காரர் சொன்னது உண்மைதான். அந்தக் கால் இன்னொரு தரம் படவேண்டாம் என்பதற்காகத்தான் ஜனங்கள் வெயிலில் வரிசையில் நின்றிருக்கிறார்கள். அக்கா வீட்டு பூத்தில் விழுந்தது ஒரே ஓட்டு. அக்கா போட்டதென்று துளசிங்கம் சொன்னார், கவிப்பிரியா போட்டதென்று காஞ்சனா சொன்னாள். கஜபதி போட்டதென்று யாரும் சொல்லவில்லை.

அதோடு முடிந்தது என்று துளசிங்கம் பெட்டியை மறுபடி வேனில் ஏற்றிக்கொண்டு தொழிலைப் பார்க்கப் போனார். ஆனால் விதிக்கு வேறு வேலை இல்லையே. கல்யாணப் பத்திரிகை மாதிரிக்கு அச்சாகி அரக்கோணம் போனது. மாப்பிள்ளையின் அப்பா தேசப்பன், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், அதைப் படித்துப் பார்த்துவிட்டு கஜபதியைக் கூப்பிட்டார்.

"எலெக்‌ஷன்ல நின்னாரே, பொண்ணோட தாய்மாமன், அவரு பேரைக் காணோமே. திருத்தணியில நோட்டீஸ் பார்த்தேன். அவரு வரணுங்க. அவரு இல்லாம எப்படி?"

கஜபதிக்கு விக்கியது. சம்பந்தி வீட்டார் நோட்டீஸில் தொழிலதிபர் என்று படித்து மயங்கியிருக்கிறார்கள் என்று புரிந்தது. இப்போது மறைத்தாலும் வம்பு, சொன்னாலும் வம்பு. பத்திரிகையை மாற்றி அச்சடித்தார். 'தாய்மாமன்: தொழிலதிபர், சட்டமன்ற வேட்பாளர் திரு. துளசிங்கம்.' வெற்றிலை பாக்கு, குங்குமத்தோடு நேரிலேயே வந்தார். கடைப் பக்கம் போகாமல், பின் தெரு வழியாகச் சுற்றி வீட்டுக்கு வந்து தட்டை நீட்டினார்.

"வந்து சேரு துளசி. ஆனா தொழிலப் பத்தி வாயத் தொறக்காத. வேனு மண்டபத்தாண்ட நிக்கக்கூடாது. ஃபோனை உங்கிட்ட வெச்சுக்காத. அப்புறம், கிளம்பும்போது..."

"சொல்லிட்டுப் போறேன் பாவா."

"வேணாம். நீ கிளம்பவே கிளம்பாத. எல்லாரும் போனப்புறம் போ."

கல்யாண மண்டபத்தில் துளசிங்கத்தை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். திருத்தணி, பொதட்டூர்பேட்டை ஜனம் பாதிக்கு மேல் அவரை அறிந்தவர்கள். நாதஸ்வரக்காரருக்கு ஊதும்போது ஒரு கணம் மூச்சுத் தவறியது. சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டுக் கரண்டியோடு அப்படியே நின்றார். ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஓட்டுப் போடாதவர்களெல்லாம் வரிசையாக வந்து, "வணக்கம் தலைவரே" என்று கை கொடுத்தார்கள். ஓட்டுக்குக் கிடைக்காத ஒற்றுமை அன்று பொய்க்குக் கிடைத்தது. துளசிங்கம் மணவறைக்குப் போய், கவிப்பிரியாவுக்கு மாலை போட்டு, சீர்த்தட்டை எடுத்துக் கொடுத்து, தாய்மாமன் நிற்கவேண்டிய இடத்தில் நின்றார். தாலி கட்டியபோது அட்சதை போடக் கை எழவில்லை. அக்கா பக்கத்தில் வந்து அவர் கையைப் பிடித்து உயர்த்திப் போட வைத்தாள். அன்றுதான் அவருக்கு அழுகை வந்தது. அதையும் யாரும் பார்க்காமல் துண்டால் துடைத்துக்கொண்டார்.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது டில்லிபாபு பக்கவாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தான். வேனை வெகு தூரத்தில் விட்டுவிட்டு நடந்தே வந்திருந்தான். திருத்தணி கே.கே. நகரில் ஒரு பெரியவர். மகள் பெங்களூரிலிருந்து வரவேண்டும். புதுப் பெட்டி வேறு வீட்டுக்குப் போயிருக்கிறது, முதலில் வாங்கிய பழைய பெட்டிதான் மிச்சம், அதன் மோட்டார் துளசிங்கத்தின் கை பட்டால்தான் ஓடும். எல்லோரும் போன பிறகு கிளம்பு என்று பாவா சொன்னது நியாயம்தான். செத்தவருக்கு அந்த நியாயம் தெரியாதே.

துளசிங்கம் எழுந்தார். பந்திச் சத்தத்தில் யாரும் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பக்கவாசல் வழியே இறங்கினார். கேட்டை நெருங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"யாருங்க?"

திரும்பினால் தேசப்பன். அந்தக் கேள்வியைக் கேட்கிற குரல் துளசிங்கத்துக்கு அத்துப்படி. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அந்தக் கேள்வி எப்படித் தெரியும்? கொஞ்சம் தள்ளி, சந்தனக் கிண்ணத்தோடு நின்ற கஜபதியின் முகம் வெளுத்துப்போனது.

"கே.கே. நகர்ல ஒரு பெரியவருங்க" என்றார் துளசிங்கம். வேறு என்ன சொல்வார், பொய் வராத மனுஷன்.

தேசப்பன் பக்கத்தில் வந்தார். "எங்கம்மா திருத்தணியில தம்பி வூட்லதான் போனாங்க. நாலு வருஷமாச்சு. பெட்டி உங்களோடது. அன்னைக்குக் கண்ணாடியில பனி புடிச்சுகினே இருந்துது. யாரு முகம் பாக்க வந்தாலும், நீங்க எழுந்து உங்க தோள்துண்டால தொடச்சு விட்டுகினே இருந்தீங்க. வுடியற வரைக்கும். பெத்த புள்ள எனக்கு அது தோணல. அப்புறம் உங்களத் தேடினேன், பேரு தெரியாது. நோட்டீஸ்ல மூஞ்சியைப் பார்த்துதான் கண்டுபுடிச்சேன். விசாரிச்சா, நம்ம பொண்ணுக்கே தாய்மாமன்னாங்க, சந்தோஷமா இருந்துது. அதான் நீங்க இல்லாம கல்யாணம் கூடாதுன்னு கஜபதிகிட்ட சொன்னேன்."

அவ்வளவு வெயில், அவ்வளவு கும்பிடு, குளிர்சாதனப் பெட்டி, போன டெபாசிட். எல்லாம் தன் முகத்தை இந்த ஒரு ஆள் பார்ப்பதற்காகத்தானா என்று துளசிங்கத்துக்குத் தோன்றியது. தொழிலை மறைத்து வந்து உட்கார்ந்த கல்யாணத்துக்கு அந்தத் தொழில்தான் அவரை அழைத்திருக்கிறது. கஜபதி சந்தனக் கிண்ணத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சரி, நேரமாவுது, அங்க காத்துகினு இருப்பாங்க" என்றார் தேசப்பன். "அன்னைக்குச் சொல்லிக்காம போனீங்க. அது முறை. இது கல்யாண வூடு. சொல்லிட்டுப் போங்க."

துளசிங்கம் வாயைத் திறந்தார். எத்தனையோ வருஷமாக வாசல்களில் விழுங்கி விழுங்கி வைத்திருந்த வார்த்தை, சட்டென்று வரவில்லை. உள்ளேயிருந்து கவிப்பிரியா மாலையோடு எட்டிப் பார்த்தாள். டில்லிபாபு கேட்டருகே செருப்பைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"போய்ட்டு வரேங்க" என்றார், கடைசியில்.

"ஆங், வாங்க" என்றார் தேசப்பன்.

துளசிங்கம் நடந்தார். கேட்டைத் தாண்டியதும், பழக்கமில்லாத காரியம் ஒன்று செய்தார். நின்று திரும்பிப் பார்த்தார். கஜபதி வாசல் வரை வந்திருந்தார். "சாப்டாம போறியே துளசி" என்று அங்கிருந்தே சத்தமாகச் சொன்னார். "முடிச்சுட்டுக் குளிச்சுட்டு வா. உனக்கு எலை போட்டு வெக்கறேன்."